துண்டுக்கு அடியில் நடக்கும் பேரம்: குடும்பம், பணம், பொறுப்பு பற்றி ஒரு கொங்குச் சிறுவர் நாவலை எழுதி முடிப்பது எப்படி?

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு வியாழக்கிழமை காலையில் நின்று பாருங்கள். விற்பவரும் தரகரும் கை கொடுத்துக்கொள்வார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு விழும். அதற்கு அடியில் விரல்கள் பேசும். எந்த விரலைப் பிடித்தார், எதை மடக்கினார் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு பிள்ளை நிற்கும். அந்த மாட்டுக்கு எந்தக் காம்பில் பால் கெட்டியாக இறங்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் உதைக்கும், இடி இடித்தால் எப்படிக் கத்தும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். விலை மட்டும் தெரியாது.

வீட்டுக்குள்ளும் இதே துண்டு உண்டு. அப்பாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள், பிள்ளை உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடும். "நீ போய்ப் படி" என்பார்கள். பணம் பற்றிய சிறுவர் நாவல் அந்தப் பேச்சு நிற்கிற இடத்தில்தான் தொடங்குகிறது. துண்டை எப்போது, யார் கையால், எவ்வளவு விலக்குவது என்பதுதான் எழுதுகிறவருடைய முழு வேலையும்.

இதை நான் சூடுபட்டுத்தான் கற்றேன். பதினான்கு ஆண்டுகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். என் முதல் கதையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஓவியப் போட்டியில் 50,000 ரூபாய் வென்று அப்பாவின் கடனை அடைத்துவிடுவான். வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு சிறுமி செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்: "எனக்குப் படம் வரைய வராதுங்களே, நான் என்னங்க செய்வது?"

அந்தக் கதையை நான் மறுபடி யாருக்கும் வாசிக்கவில்லை. பிள்ளை கடனை அடைக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு விதியைக் காப்பாற்றிக்கொண்டு கதையையும் சுவையாக நடத்துவதற்கான வழி.

முதல் படி: பிள்ளையையும் அதன் வேலையையும் சேர்த்தே பிடியுங்கள்

"ஒரு ஊரில் தாரணி என்று ஒரு சிறுமி இருந்தாள், அவள் மிகவும் புத்திசாலி" என்று தொடங்கினால் கதை நகராது. அவள் காலையில் எழுந்ததும் என்ன செய்வாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தாரணிக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா திருப்பூரில் டைலர், அம்மா அதே ஊரில் செக்கிங், அதாவது தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வீட்டில் அப்பாவைப் பெற்ற ஆத்தா, ஆறு வயதுத் தம்பி கவின், ஒரு பசு. பால் கேனைக் கூட்டுறவுச் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, அளவையும், பாலின் அடர்த்தி பார்க்கும் லேக்டோமீட்டர் காட்டும் டிகிரியையும் நோட்டில் எழுதி வருவதுதான் தாரணியின் வேலை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை.

இங்கே ஒரு ஆசை வரும், காங்கயம் மாட்டைக் கட்டிவிடலாம் என்று. அட்டைப்படத்துக்கு அழகுதான், திமிலும் கொம்பும் ஓவியருக்குக் கொண்டாட்டம். ஆனால் காங்கயம் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பால் குறைவு. சொசைட்டிக்கு ஊற்றிக் குடும்பம் ஓட்டுகிற வீட்டுக் கட்டுத்தரையில் கலப்பின ஜெர்சிதான் நிற்கும். பெருமைக்காக மாட்டை மாற்றினால் பிறகு வரும் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

இரண்டாம் படி: உங்கள் கதையில் பணம் எப்படி நடக்கிறது?

கொங்கு நாட்டில் பணம் ஊருக்கு ஊர் வேறு நடை நடக்கும். இதைக் கவனித்தால் நாவலின் அத்தியாய அமைப்பே கிடைத்துவிடும். எனக்குப் பிடித்த படி இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

திருப்பூரில் பணம் வாரக் கணக்கு. சனிக்கிழமை சம்பளம். அன்று சாயங்காலம் மளிகைக் கடையிலும் கறிக்கடையிலும் தெரியும் கூட்டம் செவ்வாய்க்கிழமை தெரியாது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். வியாழக்கிழமை எதையும் கேட்காத பிள்ளை சனிக்கிழமை இரவு மெதுவாகக் கேட்கும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் பணம் பாவு கணக்கு. பாவு என்கிற நீளவாட்டு நூலும் ஊடை என்கிற குறுக்கு நூலும் வியாபாரி கொடுப்பார், தறிக்காரர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினால் இரவெல்லாம் 'தடக் தடக்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த அமைதியில் தூக்கம் வராது. அந்த ஒரு வரியில் ஒரு நாவல் இருக்கிறது.

நாமக்கல்லில் பணம் நாள் கணக்கு. முட்டை விலை பைசாக் கணக்கில் ஏறும், இறங்கும். ஒரு பண்ணையில் ஐம்பதாயிரம் கோழி இருந்தால் பத்துப் பைசா என்பது விளையாட்டல்ல என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே பெருக்கிச் சொல்லிவிடும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் வீட்டில் அப்பா மாதக் கணக்கில் வெளிமாநிலத்தில் இருப்பார், பணம் வரும், ஆள் வரமாட்டார். ஈரோட்டு மஞ்சள்காரர் வீட்டில் பணம் வருடக் கணக்கு. விலை ஏறும் என்று மூட்டையைக் கிடங்கில் வைத்துக் காத்திருப்பார்கள், அக்காவின் கல்யாணமும் மூட்டையோடு சேர்ந்து காத்திருக்கும். கீழ்பவானிப் பாசனத்தில் பணம் தண்ணீர்க் கணக்கு. பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது, பாசனம் 2,07,000 ஏக்கர். பாதி நிலத்துக்கு ஒரு போகம், மீதிக்கு அடுத்த போகம். வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாளைவிடப் பெரியது.

பெரிய உலகம் சின்ன வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று காட்டவும் இந்த நடை உதவும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தது. இதைப் பிள்ளைக்கு விளக்கப் பாடம் எடுக்காதீர்கள். "ஆர்டர் இல்லை" என்று அப்பா புதன்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நன்றாக இருக்கும் துணிக்கொடியை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார் என்று எழுதுங்கள். போதும்.

உண்மையில் நடந்த ஒரு பெரிய இழப்பை எடுத்தாளலாம் என்றால் ஈமுவைப் பாருங்கள். 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது, ஆளுயரப் பறவைகள் மட்டும் வேலிக்குள் மிஞ்சின. யாரும் தீவனம் போட முடியாத அந்தப் பறவையை ஒரு பையன் பார்த்துக்கொள்கிறான் என்று வையுங்கள். ஈமு இனத்தில் முட்டையிட்டதும் பெட்டை போய்விடும். சேவல்தான் ஏறக்குறைய எட்டு வாரம், சரியாகத் தின்னாமல், எழுந்து போகாமல், அடர்பச்சை நிற முட்டைகளை அடைகாக்கும். பணத்தைத் தொலைத்துவிட்டுத் திண்ணையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் அப்பாவுக்கு எதிரில் அந்தப் பறவையை உட்கார வைத்தால் வேறு வசனமே வேண்டாம். இதை நான் எழுதவில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

மூன்றாம் படி: நாவலுக்கு முன் கணக்கு நோட்டு

சிறுவர் நாவல் எழுதுகிறவர்களில் பலர் பாத்திரங்களின் கண் நிறம் வரை யோசிப்பார்கள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு வருகிறது என்று கேட்டால் "ஏழைக் குடும்பம்" என்பார்கள். ஏழை என்பது எண் அல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி அந்தக் குடும்பத்தின் வரவு செலவை ரூபாய் சுத்தமாக எழுதுங்கள். நாவலில் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எழுதாமல் போனால் எல்லாமே தெரிந்துவிடும்.

தாரணி வீட்டுக் கணக்கு, கதைக்காக நான் போட்டது இப்படி. அப்பாவுக்கு ஷிப்ட் 600 ரூபாய், வாரம் ஆறு ஷிப்ட், நான்கு வாரத்துக்கு 14,400. அம்மாவுக்கு ஷிப்ட் 350, அது 8,400. பசு நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கிறது. வீட்டுக்கு ஒன்று போக ஏழு லிட்டர் சொசைட்டிக்கு. லிட்டர் 35 ரூபாய் என்றால் நாளைக்கு 245, மாதம் 7,350. தீவனம், புண்ணாக்கு, தவிடு 4,000 போனால் நிற்பது 3,350. ஆக வரவு 26,150.

செலவு: மளிகை 6,000, காய்கறி 2,500, தம்பியின் வேன் 900, பள்ளிச் செலவு 600, வண்டித் தவணை 2,900, பெட்ரோல் 2,000, கரண்ட், கேஸ், போன் 1,700, ஆத்தாவின் மாத்திரை 800, ஏலச்சீட்டு 2,000, மகளிர் குழுக் கடன் வாரம் 650 வீதம் 2,600, கைக்கடன் 50,000-க்கு வட்டி 1,000, மொய் முதலான நல்லது கெட்டது 1,500. கூட்டினால் 24,500. மிச்சம் 1,650.

இப்போது பசு சினை என்று வையுங்கள். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிடுவார்கள். பால் பணம் நின்றுபோகும், தீவனம் குறைத்தாலும் 2,000 ஆகும். 3,350 வந்த இடத்தில் 2,000 போகிறது. மிச்சம் 1,650 இருந்த வீட்டில் மாதம் 3,700 துண்டு விழுகிறது. இரண்டு மாதத்துக்கு 7,400. வில்லன் வரவில்லை, விபத்து நடக்கவில்லை, யாரும் குடிக்கவில்லை. ஒரு பசு இயல்பாகச் சினைப்பட்டதிலேயே கதைக்கு முடிச்சு விழுந்துவிட்டது. நோட்டுப் போடாமல் இது கிடைத்திருக்காது.

(தமிழ்க் கதைகளில் குடிகார அப்பாவை இறக்கிவிட்டால் பணக் கஷ்டத்துக்குக் காரணம் சொல்லும் வேலை முடிந்துவிடும். குடிக்காத அப்பாவின் வீட்டிலும் பணம் போதாது என்பதை எழுதத்தான் ஆள் குறைவு.)

நான்காம் படி: கடன் வகைகளை நீங்கள் முதலில் புரிந்துகொள்ளுங்கள்

பிள்ளைக்குப் புரியும்படி ஒரே ஒரு கணக்கை நாவலுக்குள் செய்து காட்டுங்கள், இரண்டு வேண்டாம். ஆனால் மூன்று நான்கு வகை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இரண்டு வட்டி" என்று ஊரில் சாதாரணமாகச் சொல்வார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். பள்ளியில் தனிவட்டி படிக்கும் பிள்ளை இதை வருடக் கணக்காக நினைத்து 50,000-க்கு ஆண்டு வட்டி 1,000 என்று போட்டுவிடும். அப்பா மாதாமாதம் 1,000 கொடுப்பதைப் பார்த்ததும்தான் தலை சுற்றும். கணக்குப் புத்தகமும் ஊரும் வேறு மொழி பேசுகின்றன என்று தாரணி கண்டுபிடிக்கும் அந்த இடம் ஓர் அத்தியாயத்தைத் தாங்கும்.

வாரக் கடன் இன்னொன்று. 10,000 என்று எழுதிக்கொண்டு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம். அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தத்துக்கு அம்மா தொலைக்காட்சியை அணைக்கிற வீடுகள் இருக்கின்றன.

ஏலச்சீட்டுக்கு மட்டும் தனி அழகு உண்டு. இருபது பேர், ஆளுக்கு 2,000, மொத்தம் 40,000. அவசரம் உள்ளவர் 8,000 தள்ளி எடுத்தால் அவருக்கு 32,000 கிடைக்கும். நடத்துகிறவருக்கு 2,000 போக மிச்சம் 6,000 இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு 300. ஒருவருடைய அவசரம் மற்றவர்களுக்கு முந்நூறு ரூபாய் லாபம். இதை ஒரு சிறுமி முதன்முதலில் புரிந்துகொள்ளும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். போன மாதம் வந்த முந்நூறு ரூபாயில் வாங்கிய பென்சில் பெட்டி அவள் பையிலேயே இருக்கிறது.

கூடவே ஒன்றைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்: ஊரில் யாருக்குக் கடன் வாய்ச்சொல்லில் கிடைக்கிறது, யாரிடம் பாண்டு எழுதி வாங்குகிறார்கள், யாரைத் திண்ணையில் உட்காரச் சொல்கிறார்கள், யாரை வாசலில் நிறுத்திவைக்கிறார்கள். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாமலேயே அந்த வாசல் அதைச் சொல்லிவிடும். பிள்ளைகள் இதையெல்லாம் கவனிப்பதில்லை என்று நினைப்பது நம்முடைய வசதிக்காக.

ஐந்தாம் படி: பொறுப்பு பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும்

"அப்பாவுக்கு உதவப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்" என்று எழுதி அதைத் தியாகமாக்கிவிடாதீர்கள். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம். 2016-இல் திருத்திய சட்டத்தின்படி பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். பால் கேன் சரி, பீஸ் மடிக்க அனுப்புவது சரியல்ல. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பிள்ளை சம்பாதித்துத் தீர்வு கண்டால் கதையைப் படிக்கும் பிள்ளைகளும் தங்கள் மேல் பாரத்தை ஏற்றிக்கொள்வார்கள். அந்தச் செருப்புத் தேடிய சிறுமியை நான் மறக்கவில்லை.

பொறுப்பு என்றால் தவறு செய்யவும் இடம் இருக்க வேண்டும். தவறே செய்யாத தாரணியை யார் படிப்பார்கள்? அவளை ஒரு தப்பு செய்ய விடுங்கள். வீட்டில் பணம் துண்டு விழப்போகிறது என்று அரைகுறையாகக் காதில் விழுகிறது. ஒருநாள் காலை கேனில் நான்கு லிட்டர் பால். வழியில் குழாயடியில் நின்று அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறாள். பதினேழரை ரூபாய் லாபம். சொசைட்டியில்:

செயலாளர் லேக்டோமீட்டரை விட்டுப் பார்த்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டார்: "கண்ணு, மாட்டுக்கு உடம்பு சரியில்லைங்களா?"

தாரணி கேனின் கைப்பிடியைப் பார்த்தாள். அதில் ஆத்தா கட்டிவிட்ட பழைய துணி இருந்தது, கை உரசாமல் இருக்க.

"நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்போ இந்த நேரத்துப் பாலை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. ஆத்தா கிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்."

அவர் கேனைக் கவிழ்க்கவில்லை. மூடியை அழுத்தி மூடி, அவள் கையிலேயே கொடுத்தார். கேன் வந்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

பதினேழரை ரூபாய்க்கு ஆசைப்பட்டு 140 ரூபாய் போனது, ஆத்தாவின் பேரும் சேர்ந்து போனது. இந்த அத்தியாயத்தில் யாரும் அவளுக்குப் புத்தி சொல்லக் கூடாது. திரும்பி வந்த பாலை ஆத்தா என்ன செய்கிறாள் என்று மட்டும் காட்டுங்கள். காய்ச்சி உறை ஊற்றுகிறாள். மறுநாள் எல்லோருக்கும் தண்ணீர்த் தயிர். கவின் மட்டும் "இன்றைக்குத் தயிர் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறான்.

ஆறாம் படி: பெரியவர்கள்

பிள்ளை நாவலில் பெரியவர்கள் பெரும்பாலும் அறிவுரை சொல்வார்கள் அல்லது அடிப்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: தெரியாமல் விழிப்பார்கள். தாரணியின் அப்பாவுக்கு ஐந்து நூலில் ஓவர்லாக் கோத்துவிடத் தெரியும், சீட்டை எந்த மாதம் தள்ளுவது என்று தெரியாது. இதைப் பிள்ளை பார்க்கிற இடத்தில் அன்பு கூடும்.

கொங்கு உறவுமுறையைச் சரியாகப் பிடியுங்கள். அப்பாவின் அப்பா அப்பாரு, அப்பாவின் அம்மா ஆத்தா, அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மாவின் அம்மா அமுச்சி அல்லது அம்மாயி. ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும், உங்கள் கதை வீட்டில் என்ன சொல்வார்களோ அதை ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். இந்த உறவுகள் பணத்தோடு பின்னியவை. காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். மாமனுக்குக் கையில் பணம் இல்லாத மாதத்தில் காதுகுத்து வைத்தால் இரண்டு வீடுகளிலும் துண்டுக்கு அடியில் விரல்கள் பேசும்.

தாரணியின் வகுப்பில் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகளும் இருக்கட்டும். இன்றைய திருப்பூரை அவர்கள் இல்லாமல் எழுத முடியாது. ஆனால் ஒருவரைக் கொண்டுவந்தால் அவருக்கும் ஒரு வேலையும் ஒரு பிடிவாதமும் கொடுங்கள், பரிதாபத்துக்கு நிறுத்திவைக்காதீர்கள்.

ஏழாம் படி: மொழி

கதை சொல்லும் வாக்கியங்கள் எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடலில் கொங்குத் தமிழின் ஓசை வரட்டும். 'வெசனம்' (கவலை), 'ஒறம்பரை' (விருந்தாளி), 'நோம்பி' (திருவிழா), 'இட்டேரி' (இரு வேலிகளுக்கு நடுவே போகும் தடம்), 'பொடக்காலி' (புழக்கடை) போன்ற சொற்களில் பத்துப் பன்னிரண்டு போதும். அடிக்குறிப்பு வேண்டாம். "ஒறம்பரை வந்திருக்கிறது, இன்னும் இரண்டு டம்ளர் எடுத்து வா" என்றால் சென்னைப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

'ங்க' விஷயத்தில் கவனம் வேண்டும். இங்கே பெரியவர்கள் சின்னப் பிள்ளையையும் "வாங்க கண்ணு" என்பார்கள், அது செல்லம். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வருகிறவரும் அதே 'ங்க'வைத்தான் போடுவார். "ஒன்றும் அவசரம் இல்லைங்க, சனிக்கிழமை வரட்டுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்த மரியாதைக்குள் இருக்கும் மிரட்டலை எழுதத் தெரிந்துவிட்டால் மீசை முறுக்கும் வட்டிக்காரர் உங்களுக்குத் தேவையே இல்லை.

பணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருப்பதையும் யோசியுங்கள். அஞ்சறைப் பெட்டியில் அம்மா காசு ஒளித்துவைப்பது பழைய படம். இப்போது போன் உறைக்குப் பின்னால் நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள் இருக்கும். கடையில் ஒலிபெருக்கிப் பெட்டி "இருநூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தெருவுக்கே சொல்லும். அப்பா கடையில் போனைத் தடவி, ஒரு நொடி தயங்கி, "சிக்னல் இல்லைங்க, அப்புறம் வருகிறேன்" என்கிறார். திரையில் நான்கு கோடு சிக்னல் இருப்பதைத் தாரணி பார்த்துவிடுகிறாள்.

எட்டாம் படி: அளவும் வரிசையும்

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 12,000 முதல் 15,000 சொற்கள் போதும். பதினாறு அத்தியாயம், ஒவ்வொன்றிலும் ஒரு சனிக்கிழமை. முதல் நான்கில் பால் நோட்டும் வீடும். ஐந்தில் பேச்சு நிற்கிறது. ஏழில் தண்ணீர் கலந்த பால். பத்தில் சந்தை.

சந்தையில் என்ன நடக்க வேண்டும்? அப்பா பசுவை விற்கத்தான் கொண்டுபோகிறார். தரகர் "ஐந்து மாதச் சினைதான், இன்னும் எவ்வளவோ நாள் தீவனம் போட வேண்டும்" என்று விலையைக் குறைக்கிறார். தாரணியின் நோட்டில் சினை ஊசி போட்ட தேதி இருக்கிறது. ஏழு மாதம் முடிந்துவிட்டது. அவள் கொடுத்தது பணமல்ல, ஒரு தேதி. அப்பா துண்டுக்கு அடியிலிருந்து கையை உருவிக்கொள்கிறார். பிள்ளையின் கைக்கு அடங்கிய வெற்றி இவ்வளவுதான்.

ஒன்பதாம் படி: முடிவில் கடன் மிஞ்சட்டும்

அப்பா சீட்டைத் தள்ளி எடுக்கிறார், 32,000. இரண்டு மாதத் துண்டு 7,400 அதில் சரியாகிறது. கைக்கடனில் 20,000 அடைபடுகிறது. கையில் 4,600 நிற்கிறது. கடன் 50,000 இருந்தது 30,000 ஆனது, வட்டி 1,000 இருந்தது 600 ஆனது. மாதம் நானூறு ரூபாய் மூச்சு விடலாம். சீட்டுப் பணம் தொடர்ந்து கட்ட வேண்டும், குழுக் கடன் அப்படியே இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் ஒரு சனிக்கிழமை இரவு அப்பா சம்பளத்தைப் பிரித்து வைக்கிறார். தாரணி உள்ளே வருகிறாள். பேச்சு நிற்கவில்லை. அப்பா தலையை நிமிர்த்தாமல் கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விடுகிறார். கன்று பிறப்பதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். அதை இரண்டு அத்தியாயம் முன்னால் வைத்துவிடுங்கள், எல்லாம் ஒரே பக்கத்தில் சுபமாக முடிந்தால் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

பத்தாம் படி: அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள்

பெரியவர்களிடம் காட்டினால் "நல்ல கருத்து" என்பார்கள், அதில் ஒரு பயனும் இல்லை. பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து உரக்க வாசியுங்கள். எங்கே காலை ஆட்டுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு வருகிற இடத்தில் விரல்விட்டு எண்ணினால் நல்லது, கொட்டாவி விட்டால் அந்த எண்ணை வெட்டுங்கள். கேள்வி கேட்காதீர்கள், அவர்கள் கேட்கும்வரை பொறுங்கள்.

தாரணியின் கதையை நான் வாசித்தபோது கடைசி வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். வீட்டில் மூன்று மாடு வைத்திருக்கிறார்கள் போல. "ஏனுங்க, உங்கள் கதையில் எட்டாம் மாதமும் கறக்கிறார்களே, ஏழு முடிந்ததும் நிறுத்த வேண்டாமுங்களா? கன்றுக்கு ஆகாதுங்களே" என்றான். வீட்டுக்கு வந்து ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். அதனால் பதினொன்றாம் அத்தியாயத்தின் கணக்கும் மாறியது. நோட்டை எடுத்து மறுபடி முதலிலிருந்து கூட்டினேன்.